எடுக்காத கை

அந்தப் படத்தில் நான்கு பெண்கள் தரையில் உட்கார்ந்திருக்கிறார்கள். மூன்று பேர் முகத்தைத் துண்டால் மூடியிருக்கிறார்கள். எங்கள் கடைத் துண்டுகள்தான். நான்காவது பெண்ணின் முகத்தில் ஒன்றும் இல்லை. அவள் அண்ணாந்து நேராகப் பார்க்கிறாள். வாய் சற்றுத் திறந்திருக்கிறது, ஏதோ சொல்ல வந்தவள்போல.

அது நான். கேவ்மாலா. வடதாய்லாந்தில் யோம் ஆற்றங்கரையில் இருக்கும் எங்கள் ஊரில் உடம்பு பிடித்துவிடும் கடை வைத்திருப்பவள்.

ஒரே வாரத்தில் அந்தப் படம் ஊரில் எல்லாருடைய கைபேசிக்கும் போய்ச் சேர்ந்துவிட்டது. அதற்குக் கீழே எழுதியிருந்ததை நான் திரும்பச் சொல்லப்போவதில்லை. மசாஜ் கடை என்றவுடன் சிலருக்கு என்ன தோன்றுமோ அதுதான் எழுதியிருந்தது.

அன்று மழை. மத்தியானச் சாப்பாடு முடிந்த நேரம். இரண்டு ஆண்கள் நனைந்துகொண்டு உள்ளே வந்தார்கள். யார் வந்தாலும் முதலில் காலைக் கழுவிவிடுவது எங்கள் வழக்கம். வந்தவர் உயர்ந்த நாற்காலியில் உட்காருவார், நாங்கள் கீழே குட்டை முக்காலியில். வெதுவெதுப்பான தண்ணீர், கல் உப்பு, எலுமிச்சைத் தோல். ஆண் என்றால் வலது கால் முதலில், பெண் என்றால் இடது கால். முதலில் உட்கார்ந்தவரின் வலது காலைக் கழுவி, விரலிடுக்கெல்லாம் துடைத்து, மணைமேல் வைத்தேன். இடது காலுக்காகக் குனிந்தபோது என் மூக்குக்கு நேரே ஓர் அட்டை நீண்டது.

"போலீஸ். எல்லாரும் தரையில உக்காருங்க."

பாயில் படுத்திருந்த அஞ்சல்காரர், நாங்கள் உடுத்தக் கொடுத்த தொளதொளத்த கால்சட்டையோடேயே பின்வாசல் வழியாக ஓடினார். பாவம், ஒரு தப்பும் செய்யாத மனிதர். இன்னும் நாலைந்து பேர் உள்ளே வந்தார்கள். கேமராவோடும் ஒருவன் வந்தான். இளவயதுப் போலீஸ்காரர் ஒருவர் அலமாரியிலிருந்து துண்டுகளை எடுத்து எங்கள் மடியில் போட்டார். "மூடிக்கங்கக்கா, படம் எடுப்பாங்க" என்றார். அவர் குரலில் கெடுதல் எதுவும் இல்லை. அதனால்தானோ என்னவோ, மற்ற மூவரும் சட்டென்று மூடிக்கொண்டார்கள்.

நான் என்ன நினைத்துக்கொண்டிருந்தேன் என்று பலர் கேட்டார்கள். அந்த அதிகாரியின் இடது காலைத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். ஒரு பக்கம் செய்ததை மறுபக்கமும் செய்யாமல் ஓர் உடம்பை எழுப்பி அனுப்பக் கூடாது. எங்களுக்கு அதுதான் முதல் பாடம். பாதியில் விட்டால் உடம்புக்குள் ஓடும் காற்று ஒருச்சாய்ந்து போகும். சரியோ தப்போ, கைக்கு அப்படித்தான் பழகியிருக்கிறது. அவர் ஒரு கால் சுத்தமும் ஒரு கால் சேறுமாகச் செருப்பைத் தேடிக்கொண்டிருந்தார். நான் அண்ணாந்து பார்த்தேன்.

"ஐயா, இன்னொரு கால் பாக்கி இருக்கு."

அப்போதுதான் வெளிச்சம் மின்னியது. அவர்கள் எல்லாரும் சிரித்தார்கள்.

ஆகவே அது வீரம் இல்லை. அதைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். பழக்கம், அவ்வளவுதான். ஆனால் தூக்கிய முகத்தை மறுபடி தாழ்த்து என்று ஒவ்வொருவராக வந்து சொன்னபோதுதான், தாழ்த்த முடியாது என்பது எனக்கே தெரிந்தது.

முதலில் சொன்னது அந்த அதிகாரிதான். சாயங்காலமே எங்களை விட்டுவிட்டார்கள். அவர்கள் தேடி வந்தது வேறொரு கடை. மேலத்தெருவில், கிட்டத்தட்ட எங்கள் கடைப் பெயரையே வைத்துக்கொண்டு இருந்த இடம். அது அவர்களுக்கும் தெரிந்துவிட்டது. படம் பரவிய பிறகு நான் போலீஸ் நிலையத்துக்குப் போய் அவரைப் பார்த்தேன்.

"தப்பான கடைக்கு வந்துட்டோம்னு நாலு பேருக்குத் தெரியச் சொல்லுங்க சார்" என்றேன்.

"அதெல்லாம் சொல்ல முடியாதும்மா. கேஸ் இல்லன்னு அனுப்பிட்டோம்ல? போய் வேலையைப் பாருங்க."

"படம் ஊரெல்லாம் சுத்துது."

"மத்த மூணு பேரும் மூடிக்கிட்டாங்க. அவங்களுக்கு ஒரு பிரச்சினையும் இல்ல. நீ எதுக்கு மூஞ்சியக் காட்டின?"

"என் மூஞ்சி சார். வேற எங்க கொண்டுபோய் வைக்கறது?"

அவர் கோப்பு ஒன்றை எடுத்துப் பிரித்துக்கொண்டார்.

எங்களோடு படத்தில் இருந்த சின்னப் பெண்கள் இருவரும் போலீஸ் வந்த மறுநாளே தங்கள் கிராமத்துக்குப் பேருந்து ஏறிவிட்டார்கள். மிஞ்சியது நானும் செங்லாவும். செங்லா என்னிடம் வேலைக்கு வந்து பல வருஷம் ஆகிறது. முழங்கையால் வேலை செய்வதில் அவளை மிஞ்ச ஆள் இல்லை. நாக்கும் அப்படித்தான்.

கடையைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். யாரும் வரவில்லை. ஒத்தட மூட்டைகள் ஆவிப்பானையில் சும்மா வெந்துகொண்டிருந்தன. இஞ்சியும் கற்பூரமும் சேர்ந்த வாசனை தெருவரைக்கும் போய் யாரையும் கூட்டிக்கொண்டு வராமல் திரும்பியது.

"அக்கா, நான் ஒண்ணு சொன்னா கோவிச்சுக்கக் கூடாது."

"சொல்லு."

"நீயும் மூடியிருந்தா எந்தக் கடைன்னே யாருக்கும் தெரிஞ்சிருக்காது. துண்டு எல்லாக் கடைலயும் இருக்கு. இந்த மூஞ்சி ஒண்ணுதானே இருக்கு இந்த ஊர்ல."

"மூடிக்கிட்டவங்கள மட்டும் யாரு நல்லவங்கன்னு சொன்னா? நாலு பேரையும் சேத்துத்தான எழுதியிருக்கான்."

"எழுதட்டும். என் பேரு அதுல இல்லல்ல? எங்க வீட்டுக்காரரு அந்தப் படத்த எங்கிட்டயே காட்டி, 'பாத்தியா உங்க மொதலாளியம்மாவ, எவ்வளவு திமிரு'ங்கறாரு. பக்கத்துல துண்டுக்குள்ள இருக்கறது அவரு பொண்டாட்டின்னு தெரியல அந்த மனுசனுக்கு!"

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவளும் சிரித்தாள். பிறகு அவள் அழுதாள். நான் எழுந்து பானையின் அடுப்பை அணைத்தேன்.  பேச்சில்லாமல் இருப்பது எங்களுக்குப் புதிது இல்லை. எங்கள் வேலையில் பாதி அதுதான். ஆனால் உடம்பின்மேல் கை இருக்கும்போது உண்டாகும் மௌனம் வேறு. கை சும்மா இருக்கும்போது உண்டாகும் மௌனம் வேறு. இரண்டாவதில் தன் மூச்சே தனக்குப் பெரிதாகக் கேட்கும்.

என் மகள் சியாங்மாயில் படிக்கிறாள். அன்று அவள் கூப்பிட்டாள்.

"அம்மா, ஒரு படம் வந்துச்சு. விடுதில கேக்கறாங்க, உங்கம்மா மாதிரி இருக்கேன்னு."

"ம்."

"இல்லன்னு சொல்லிடட்டா?"

 அந்தப் பக்கம் யாரோ குழாயைத் திறந்துவிட்டு வாளி நிரப்பும் சத்தம் கேட்டது.

"உனக்குப் பாத்தா என்ன மாதிரி இருக்கா?"

"இருக்கு."

"அப்ப நான்தான்னு சொல்லு."

"சொன்னா அடுத்து என்ன கேப்பாங்கன்னு தெரியுமாம்மா உனக்கு?"

"தெரியும். கேக்கட்டும். எங்கம்மா கால் கழுவிவிட்டுக்கிட்டு இருந்தாங்க, போலீஸ்காரங்க பாதியில நிறுத்திட்டாங்கன்னு சொல்லு."

அவள் வைத்துவிட்டாள். மறுநாள் ஒரே ஒரு சொல் அனுப்பியிருந்தாள்: சொல்லிட்டேன். அதை நான் பலமுறை எடுத்துப் பார்த்தேன். அந்த ஒரு சொல்லை எழுத அவளுக்கு ஓர் இரவு முழுக்க ஆகியிருக்கிறது.

புன்சோம் மாமா வந்தது அதற்குப் பிறகு. விகாரையின் காரியக் கமிட்டிக்கு அவர்தான் தலைவர். இளமையில் துறவியாக இருந்து காவிச் சீவரம் களைந்தவர். எப்போதும் கஞ்சி போட்ட கருநீலப் பருத்திச் சட்டை. அதட்டத் தெரியாத குரல். ஒரு பை நிறைய லிச்சிப் பழம் கொண்டுவந்திருந்தார். அவர் பழத்தோடு வந்தால் ஏதோ கேட்க வந்திருக்கிறார் என்று பொருள்.

"வர்ற வியாழன் குரு வணக்கம்" என்றார்.

"தெரியும் மாமா. வெள்ளைச் சட்டையத் தோச்சுப் போட்டாச்சு."

அவர் ஒரு பழத்தை எடுத்து உரிக்க ஆரம்பித்தார். உரித்ததைச் சாப்பிடாமல் கையிலேயே வைத்துக்கொண்டிருந்தார்.

புத்தருக்கு வைத்தியம் பார்த்த ஜீவகர்தான் எங்கள் ஆதிகுரு. மழைக்காலம் தொடங்கும்போது ஒரு வியாழக்கிழமை, சுற்றுவட்டாரத்தில் உடம்பு பிடிக்கும் எல்லாரும் விகாரை மண்டபத்தில் கூடுவோம். முன்வரிசையில் இருப்பவர்கள் ஜீவகர் சிலை இருக்கும் மேடையில் கை வைப்பார்கள். அடுத்த வரிசை முன்னிருப்பவர் முதுகில் கை வைக்கும். அதற்கடுத்தது அவர்கள் முதுகில். அப்படியே கடைசிவரை. பிக்குகள் ஓத ஓத, குருவின் அனுமதி மேடையிலிருந்து கை கையாக இறங்கி எல்லாருக்கும் வரும். அன்று அந்தத் தொடுப்பில் இருந்தவர் அடுத்த ஆண்டுவரை பிறர் உடம்பில் கை வைக்கலாம். இல்லாதவர் வைக்கக் கூடாது. சுகாதாரத் துறை தந்த சான்றிதழைக் கண்ணாடி போட்டுச் சுவரில் மாட்டியிருக்கிறேன். அதைப் பார்த்து எங்கள் ஊரில் யாரும் பாயில் படுத்ததில்லை. "தொடுப்புல இருந்தியாம்மா இந்த வருஷம்?" என்றுதான் கேட்பார்கள்.

"உன்னத் தப்பா சொல்லல கேவ்மாலா" என்றார் மாமா. "எனக்குத் தெரியாதா உன்ன? ஆனா கோயில்னு ஒண்ணு இருக்கு. வெளியூர்லேர்ந்து ஆளுங்க வருவாங்க, படம் புடிப்பாங்க. உன் மூஞ்சி அதுல வந்தா, அந்தப் படத்தையும் இந்தப் படத்தையும் பக்கத்துல பக்கத்துல போட்டுப் பேசுவானுங்க. மத்த பொண்ணுங்க பேரும் கெடும். ஒரு வருஷம்தானே? ஒதுங்கியிரு. அதுக்குள்ள எல்லாரும் மறந்துருவாங்க."

"ஒரு வருஷம் நான் யார் மேல கை வைக்கறது மாமா?"

"அதான்... உடம்பு சரியில்ல, ஓய்வுல இருக்கான்னு நானே சொல்லிடறேன். மரியாதையா இருக்கும்."

"எனக்கு உடம்பு நல்லா இருக்கே."

"சொல்றதுக்குத்தானேம்மா."

"மாமா, நீங்க சொல்றபடி நான் ஒதுங்கிட்டா, அந்தப் படத்துக்குக் கீழ எழுதினது உண்மைன்னு நானே கையெழுத்துப் போட்டுக் குடுத்த மாதிரி ஆகாதா?"

"நீ ரொம்ப யோசிக்கற. சின்ன வயசுலேர்ந்தே உனக்கு அது உண்டு." பையை என் பக்கம் நகர்த்தினார். "பழம் சாப்பிடு. நல்ல இனிப்பு."

நான் பையின் வாயைச் சுருட்டிக் கட்டி அவர் மடியில் வைத்தேன். "எடுத்துட்டுப் போங்க மாமா. யாராவது உடம்பு சரியில்லாதவங்களுக்குக் குடுங்க."

பின்கட்டில் செங்லா எதையோ கீழே போட்டாள். வேண்டுமென்றே போட்டாளா, சிரிப்பை அடக்க முடியாமல் போட்டாளா என்று தெரியவில்லை.

அவர் போன பிறகு நான் பாய்களை ஒவ்வொன்றாக எடுத்து வெயிலில் போட்டேன். உதறுவதற்கு எதுவும் இல்லை. இருந்தாலும் உதறினேன். எங்கள் தொழிலில் முகத்துக்கு வேலையே இல்லை. படுத்திருப்பவர் கண்ணை மூடியிருப்பார், இல்லை குப்புறக் கிடப்பார். பல வருஷமாக வருபவர்களில் சிலரை நான் சந்தையில் எதிரே கண்டால் அடையாளம் தெரியாது. தோளைத் தொட்டால் தெரியும். அவர்களுக்கும் என் முகம் தெரியாது, கையைத் தெரியும். அப்படி இத்தனை காலம் கையாகவே இருந்துவிட்டேன். இப்போது முகத்தை வைத்து முடிவு செய்கிறார்கள். சரி, முகத்தை வைத்தே முடிவு செய்யட்டும். ஆனால் அது என் முகமாக இருக்கட்டும். உடம்பு சரியில்லாத ஒருத்தியின் முகமாக வேண்டாம்.

"போகத்தான் போறியா?" என்றாள் செங்லா, வாசல் நிலையில் சாய்ந்துகொண்டு.

"போறேன்."

"எழுப்பி வெளிய அனுப்புனா?"

"எழுந்திரிக்க மாட்டேன்."

"நான் வரலக்கா. வந்தாலும் கதவோரமா உக்காந்து வேடிக்க பாத்துட்டுப் போயிருவேன். தொடுப்புல உக்கார மாட்டேன். எனக்குன்னு குடும்பம் இருக்கு."

"உன்ன யாரும் கூப்பிடலடி."

"கூப்பிடலன்னுதான் சொல்றேன்" என்றாள்.

வியாழன் காலையில் மழை விட்டிருந்தது. வெள்ளைச் சட்டையும் நீலப் பாவாடையுமாக மண்டபத்துக்குள் போனேன். தண்ணீரில் ஊறிய வாழையிலையின் மணம், கூம்பு கூம்பாக மடித்த இலையில் நிற்க வைத்த பூ. மேடையின்மேல் ஜீவகர். அவருக்கு இடப்பக்கம் உயர்ந்த திண்டில் பிக்குகள். பின்பக்கச் சமையல் கொட்டகையிலிருந்து தக்காளியும் பன்றி எலும்பும் கொதிக்கும் குழம்பின் வாசனை வந்துகொண்டிருந்தது. என்னைக் கண்டதும் கூட்டத்தின் பேச்சு சற்று நின்று, பிறகு முன்னைவிடச் சத்தமாகத் தொடங்கியது.

வரிசைகள் கூடிக்கொண்டிருந்தன. கால்களை ஒரு பக்கம் மடித்து, பாதம் மேடையைப் பார்க்காமல், ஒவ்வொருத்தியாக உட்கார்ந்தார்கள். நான் போய்க் கடைசி வரிசைக்குப் பின்னால் உட்கார்ந்தேன். எனக்கு முன்னால் இருந்தவள் பிம்பா. சந்தை முக்கில் பெரிய கடை வைத்திருப்பவள். நானும் அவளும் ஒரே ஆண்டில் தொழில் கற்றவர்கள். ஒருத்தி முதுகை ஒருத்தி வைத்துத்தான் பழகினோம். படம் வந்த பிறகு அவள் என்னைக் கண்டால் தெருவின் மறுபக்கம் போய்விடுகிறாள்.

புன்சோம் மாமா ஒலிவாங்கியைத் தட்டிப் பார்த்துவிட்டு, "எல்லாரும் முன்னால இருக்கறவங்க முதுகுல கை வைங்க" என்றார்.

நான் கையை நீட்டினேன். பிம்பா உட்கார்ந்தபடியே ஒரு சாண் முன்னால் நகர்ந்தாள். அவளுக்கு முன்னால் இருந்தவளும் நகர்ந்தாள். என் கை காற்றில் நின்றது. அடுத்த வரிசைகளிலும் பாவாடைகள் தரையில் உரசின. யார் சொல்லிக்கொடுத்தார்களோ, ஒருவேளை யாருமே சொல்லிக்கொடுக்கவில்லையோ.

நானும் ஒரு சாண் நகர்ந்தேன்.

அவர்கள் மறுபடி நகர்ந்தார்கள். நானும் நகர்ந்தேன். மண்டபம் முழுக்க அந்தச் சரசரப்பு. திண்டில் இருந்த சிறுவயதுப் பிக்கு ஒருவர் விசிறியால் வாயை மறைத்துக்கொண்டார்.

"ஏய், தள்ளாதீங்கப்பா, எம்மேல ஏறிட்டாங்க!" என்று முன்னாலிருந்து ஒரு குரல்.

"நான் எங்க தள்றேன், பின்னாலேர்ந்து வருது."

"பூத்தட்டு சாயுது பாருங்க! யாராவது புடிங்க!"

அவர்கள் மறுபடி நகரப் பார்த்தார்கள். நகர முடியவில்லை. முன்வரிசையின் முழங்கால் மேடையில் இடித்துவிட்டது. அதற்கு அப்பால் குருதான். நான் கடைசியாக ஒருமுறை நகர்ந்து, இரண்டு உள்ளங்கைகளையும் பிம்பாவின் முதுகில் வைத்தேன்.

அவள் திரும்பாமலேயே சொன்னாள். "கைய எடு."

"எடுக்க மாட்டேன்."

"என் கடை இருக்குடி. உனக்கு இனிமே போறதுக்கு ஒண்ணும் இல்ல. எனக்கு இருக்கு."

"போறதுக்கு ஒண்ணும் இல்லன்னா உன் பின்னாடி வந்து உக்காருவனா?"

மாமா பார்த்துவிட்டார். ஒலிவாங்கியைக் கையால் பொத்திக்கொண்டு யாரிடமோ பேசினார். பிறகு கையை எடுத்து, அந்த மெல்லிய குரலிலேயே, என் பெயரைச் சொல்லாமல் சொன்னார்: "தொடுப்புல இருக்க வேணாம்னு கேட்டுக்கிட்டவங்க தயவுசெஞ்சு கைய எடுத்துக்கணும். எடுத்தப்பறம்தான் ஓத ஆரம்பிப்போம். காத்திருக்கோம்."

காத்திருந்தார்கள்.

அந்த மௌனத்தை நான் இப்போதும் தொட்டுப் பார்க்க முடியும். யாரும் திரும்பவில்லை. திரும்பினால் தொடுப்பு அறுந்துவிடும். அதனால் எனக்குத் தெரிந்ததெல்லாம் முதுகுகள்தான். வெள்ளைத் துணி போர்த்திய முதுகுகள், ஒன்றின் பின் ஒன்றாக, மேடை வரைக்கும். அவற்றுள் பலவற்றை எனக்குத் தெரியும். யாருக்கு வலது தோள் இறங்கியிருக்கும், யாருடைய இடுப்பு பிள்ளை பெற்றதிலிருந்து பிடித்துக்கொண்டிருக்கிறது என்று. இந்த முதுகுகளுக்கு என்மேல் என்ன கோபம்? கோபம் இல்லை, பயம். நாளைக்கு இதே துண்டு தங்கள் மடியிலும் விழும் என்ற பயம். அந்தப் பயம் எனக்கும்தான் இருந்தது.  ஆனால் கை வைத்த இடத்திலேயே இருந்தது.

சமையல் கொட்டகையிலிருந்து ஒரு பெண் தலையை நீட்டினாள். "என்னாச்சு? ஓதி முடிச்சாச்சா? குழம்பு சுண்டுது!"

"இன்னும் ஆரம்பிக்கவே இல்ல" என்றது ஒரு குரல்.

"ஆரம்பிக்கலயா? உச்சிப் பொழுது ஆகப்போகுதே! சாமிங்க எப்பச் சாப்பிடறது?"

மண்டபத்தில் ஒரு சலசலப்பு. உச்சி தாண்டினால் பிக்குகள் எதையும் உண்ணமாட்டார்கள். மறுநாள் விடியும்வரை பட்டினிதான். அவர்களைப் பசியோடு அனுப்பிய பாவம் கூட்டிய ஊருக்குத்தான். மாமா வாசல் பக்கம் விழுந்திருந்த வெயிலைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். கதவோரத்தையும் பார்த்தார். அங்கே தூணை ஒட்டி, எல்லாரையும் விட்டு விலகி, செங்லா உட்கார்ந்திருந்தாள்.

"பாரும்மா" என்றார் மாமா ஒலிவாங்கியில், இப்போது சற்றே குரல் உயர்த்தி. "அதே கடைலதான் அந்தப் பொண்ணும் வேலை செய்யுது. எவ்வளவு அடக்கமா ஒதுங்கி உக்காந்திருக்கு. அந்தப் படத்துலகூட அது இல்ல. அதப் பாத்துக் கத்துக்க."

நான் திரும்பவில்லை. ஆனால் அவள் எழுந்திருக்கும்போது முழங்கால் சொடுக்கும் சத்தம் எனக்குப் பழக்கம்.

"மாமா, யாரு சொன்னா நான் இல்லன்னு?" என்றாள் செங்லா. ஒலிவாங்கி அவளுக்குத் தேவைப்படவில்லை. "எடமிருந்து ரெண்டாவது துண்டு நான்தான். நல்லாப் பாருங்க, கால் கட்டைவிரல் தெரியும். சாயம் போன செவப்பு நகப்பூச்சு. எங்க வீட்டுக்காரரும் இங்கதான் பந்தல் கட்டிக்கிட்டு இருக்காரு. அவரும் கேட்டுக்கட்டும்."

வெளியே பந்தல் பக்கம் ஒரு சுத்தியல் பாதியில் நின்றது.

அவள் குனிந்துகூட நடக்கவில்லை. உட்கார்ந்திருப்பவர்களைத் தாண்டும்போது குனிந்து போவதுதான் எங்கள் மரியாதை. நிமிர்ந்தே வந்து எனக்குப் பின்னால் உட்கார்ந்து, இரண்டு கையையும் என் முதுகில் அறைந்த மாதிரி வைத்தாள்.

"வலிக்குதுடி" என்றேன்.

"வலிக்கட்டும். உன்னாலதான் எல்லாம். நகராத."

மாமா வாயைத் திறந்தார். அதற்குள் மூத்த பிக்கு ஒரு கண்ணை மட்டும் திறந்து, தரையில் சுருங்கிக்கொண்டிருந்த நிழலைப் பார்த்தார். எங்கள் நியாயம் எதுவும் அவர் காதில் விழுந்ததாகத் தெரியவில்லை. அவர் தொண்டையைக் கனைத்துக்கொண்டு ஓத ஆரம்பித்துவிட்டார். மற்ற பிக்குகளும் உடனே சேர்ந்துகொண்டார்கள், வழக்கத்தைவிட வேகமாக. ஓதத் தொடங்கியதை நிறுத்தச் சொல்ல யாருக்கும் அதிகாரம் இல்லை. மாமா ஒலிவாங்கியைக் கீழே வைத்து, கைகூப்பி, மேடையைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார்.

ஓதும் ஒலி முதலில் பலகைத் தரை வழியாக வந்தது. பிறகு முதுகுகள் வழியாக. பிம்பாவின் விலா அதிர்ந்து, அந்த அதிர்வு என் உள்ளங்கையில் இறங்கி, முழங்கை தாண்டித் தோள்வரை ஏறியது. அது என் முதுகு வழியே செங்லாவுக்குப் போவதும் எனக்குத் தெரிந்தது. குருவின் அனுமதி என்பது இந்த அதிர்வுதானா, வேறு ஏதாவதா, எனக்குத் தெரியாது. நான் படிப்பாளி இல்லை. ஆனால் அது எங்களைச் சுற்றிக்கொண்டு போகவில்லை. எங்கள் வழியாகத்தான் போனது.

பாதி ஓதியிருப்பார்கள். பிம்பா உதடு அசையாமல் பேசினாள்.

"கேவ்மாலா."

"என்ன?"

"வச்சதுதான் வச்சிட்ட. அதுக்குக் கொஞ்சம் கீழ, எலும்போரமா அமுக்கு. ரெண்டு வாரமா ராத்திரி திரும்பிப் படுக்க முடியல."

"இங்க மாட்டேன். கடைக்கு வா."

"உன் கடைக்கா? யாராச்சும் பாப்பாங்க."

"பாக்கட்டும். பட்டப்பகல்ல வா. பெரிய வாசல் வழியா வா."

 அவள் சொன்ன இடம் என் விரலுக்குக் கீழே கல் மாதிரி இறுகிக் கிடந்தது. நான் அமுக்கவும் இல்லை, கையை எடுக்கவும் இல்லை.